கொழும்பில் கார் ஓட்டத் தொடங்கியவர்களுக்கு: ஜிபிஎஸ் கருவியில் வேக எச்சரிக்கை வைப்பது எப்படி

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா, தான் பாவித்த பழைய கார்மின் (Garmin) ஜிபிஎஸ் கருவியை உங்களிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார். அல்லது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு அண்ட்ரொயிட் பிளேயர் வாங்கிக் காரில் பொருத்தியிருப்பீர்கள். இரண்டிலும் 'ஸ்பீட் கமரா எச்சரிக்கை' என்று ஒரு தெரிவு இருக்கும். அதை ஒன் பண்ணிவிட்டு வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை போய் வந்தால் ஒரு சத்தமும் கேட்காது. பலர் கருவி பழுது என்று நினைத்து அலுமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். கருவி நன்றாகத்தான் இருக்கிறது. கொழும்பைப் பற்றி அதற்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதை நாமே சொல்லிக் கொடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் போதும். கணினி பற்றிப் பெரிதாகத் தெரிந்திருக்கவும் தேவையில்லை.

கருவிக்கு என்ன தெரியும்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் கருவி கமராவைக் கண்டுபிடிப்பதில்லை. செய்மதிகளின் சமிக்ஞையிலிருந்து தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு, தன் நினைவகத்தில் இருக்கும் ஒரு பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் உள்ள ஒரு புள்ளியை நெருங்கினால் சத்தம் போடும். செய்வது இவ்வளவுதான். பொலிஸார் கையில் பிடிக்கும் ஸ்பீட் கன் ரேடார் அலையையோ லேசர் ஒளியையோ அனுப்பி, கார் மீது பட்டுத் திரும்புவதை வைத்து வேகத்தை அளக்கிறது. அந்த அலை காரில் படுவதை அறியும் உறுப்பே ஜிபிஎஸ் கருவியில் கிடையாது.

ஐரோப்பிய நாடுகளில் கம்பத்தில் நிரந்தரமாக நிற்கும் கமராக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அங்கே ஆயத்தப் பட்டியல் கிடைக்கிறது. சித்தப்பாவின் கருவியில் இருப்பது அந்தப் பட்டியல்தான். நம் வீதிகளில் வேகத்தைப் பெரும்பாலும் அளப்பது கையில் ஸ்பீட் கன் வைத்திருக்கும் ஓர் அதிகாரி. இன்று ஒரு மரத்தடியில் நிற்பார், நாளை இரண்டு கிலோமீற்றர் தள்ளி நிற்பார். அவரைப் பட்டியலில் போட முடியாது. 2024 ஜனவரி 22 முதல் கொழும்பு நகரில் சிசிரிவி கமராக்கள் மூலமும் வீதி விதிமீறல்களைப் பிடிக்கிறார்கள். அந்தக் கமராக்கள் முக்கியமாகப் பார்ப்பது சிவப்பு விளக்கை மீறுவது, லேன் மாறி ஓடுவது போன்றவற்றை. அறிவித்தல் வாகனத்தின் பதிவு உரிமையாளருக்குப் போகும். பழைய கார் வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இல்லாவிட்டால் நீங்கள் செய்த பிழைக்கு முன்னைய சொந்தக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

ஆகவே 'பொலிஸ் நிற்கும் இடம்' என்று பட்டியல் போடும் எண்ணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் குறைய வேண்டிய இடங்களைப் பட்டியலிடுங்கள். பாடசாலை வாசல், 70 முடிந்து 50 தொடங்கும் ஊர் எல்லை, வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாதசாரிக் கடவை, கேற் இல்லாத ரயில் கடவை. இந்த இடங்கள் நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஸ்பீட் கன்னும் அநேகமாக இவற்றுக்குப் பக்கத்தில்தான் வரும். வராவிட்டாலும் பிள்ளைகள் வருவார்கள்.

எந்த வேகம், எந்த இடம்

கார்களுக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. ஓட்டோவுக்கு 40. இவை பொதுவான எல்லைகள். வீதியோரப் பலகையில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் சட்டம். மழை பெய்யும்போது அதிவேகப் பாதையில் 60க்குக் குறைக்கச் சொல்வார்கள். அதை எந்தப் பட்டியலாலும் உங்களுக்குச் சொல்ல முடியாது, வைப்பர் ஓடத் தொடங்கியதும் நீங்களேதான் நினைவில் கொள்ள வேண்டும்.

பட்டியலை உங்கள் சொந்த வழியிலிருந்து தொடங்குங்கள். தினமும் பிள்ளையை விடப் போகும் வழி, வேலைக்குப் போகும் வழி, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் வழி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காலை ஏழரைக்கும் பகல் ஒன்றரைக்கும் பாடசாலைக் குறுக்குத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். காலி வீதியில் அந்த நேரத்தில் நெரிசலே வேகத்தைக் கட்டிவிடும். ஆபத்து மரைன் டிரைவில்தான். கடற்கரையோரம் நேராகப் போகும் வீதி, ஒரு பக்கம் கட்டடமே இல்லை, கால் தன்பாட்டில் அழுத்தும். ஆனால் அதைக் கடந்துதான் மக்கள் ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் போகிறார்கள். என் பட்டியலின் முதல் ஐந்து புள்ளிகள் மரைன் டிரைவில்தான் இருக்கின்றன.

ஊர் போகிறவர்கள் புத்தளம் வீதியைக் கவனியுங்கள். நீர்கொழும்பு தாண்டியதும் வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். 70இல் ஓடிப் பழகிய கால் ஒவ்வோர் ஊர் எல்லையிலும் 50க்கு இறங்க வேண்டும். அதிவேகப் பாதையிலிருந்து இறங்கும் இடங்களும் அப்படித்தான். மாத்தறையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் 100இல் வந்தவருக்குக் கொட்டாவையில் இறங்கியதும் 70 கூட ஊர்வது போலத்தான் தெரியும். கண்ணும் காதும் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகின்றன. வேகமானியைப் பார்க்காமல் உணர்வை நம்பக் கூடாத நேரம் அது. கொட்டாவை, கடவத்தை, பேலியகொடை, இறங்கும் வாயில் எதுவானாலும் ஒரு புள்ளி வையுங்கள்.

இருபது, முப்பது புள்ளி போதும். இருநூறு வைத்தால் கருவி நாள் முழுக்கக் கத்தும். இரண்டாம் நாளே சத்தத்தை நிறுத்திவிடுவீர்கள்.

கருவியைத் தயார் செய்தல்

வெளிநாட்டிலிருந்து வந்த கருவியில் முதலில் அலகைப் பாருங்கள். பிரித்தானியக் கருவி மைலில் இருக்கும். அமைப்புகளுக்குள் போய்க் கிலோமீற்றருக்கு மாற்றுங்கள். நேர வலயத்தைக் கிரீன்விச் (GMT) நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டியதாக வையுங்கள்.

பிறகு வீட்டுக்குள் இல்லாமல் திறந்த வெளியில், காரை நிறுத்தியபடி கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். நீண்ட நாள் அணைந்திருந்த கருவி, அதுவும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி வந்த கருவி, செய்மதிகள் எங்கே இருக்கின்றன என்ற விபரத்தைப் புதிதாகப் பெற வேண்டும். அந்த அட்டவணை முழுவதையும் ஒரு செய்மதி அனுப்பி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். காருக்குள் வைத்து ஓடிக்கொண்டே 'சிக்னல் வரவில்லை' என்று சொல்வதில் பயனில்லை.

திகதி பிழையாகக் காட்டினால், ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் போயிருந்தால், அதற்கும் காரணம் உண்டு. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6 இரவு. பழைய கருவிகள் சில அதில் குழம்பிவிட்டன. கார்மின் எக்ஸ்பிரஸ் மென்பொருளைக் கணினியில் போட்டு, கருவியின் உள்மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இலங்கை வரைபடம் கருவியில் இல்லாவிட்டால், பொதுமக்களே சேர்ந்து எழுதும் இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மெப் (OpenStreetMap) தரவிலிருந்து கார்மினுக்கென்று செய்த இலவச வரைபடத்தை இறக்கி, ஒரு மெமரி காட்டில் போட்டுக்கொள்ளலாம். 32 ஜிபிக்கு மேற்படாத காட்டை எடுத்து, எஃப்ஏரி32 (FAT32) முறையில் போமட் பண்ணுங்கள். வரைபடம் இல்லாமலும் எச்சரிக்கை வேலை செய்யும், ஆனால் வெறும் வெள்ளைத் திரையில் புள்ளியைப் பார்ப்பது சங்கடம்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்களின் உள்ளமைந்த நவியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதிலிருப்பது ஜப்பான் வரைபடமும் ஜப்பான் கமராப் பட்டியலும். காரை ஸ்டார்ட் பண்ணியதும் ஏதோ ஜப்பானிய மொழியில் சொல்வதும் அந்த நாட்டின் சுங்கக் கட்டண அட்டை பற்றித்தான் இருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். தனிக் கருவியோ போனோ வையுங்கள். சில கார்களில் டாஷ்போட்டில் ஒரு சின்ன ரேடார் உணரியும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பட்டியல் எழுதுவது

கூகுள் மெப்பில் நீங்கள் விரும்பும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கொழும்பில் முதல் எண் 6.9 அளவில் இருக்கும், அது அகலாங்கு. இரண்டாவது 79.8 அளவில், அது நெட்டாங்கு. கார்மினுக்கு இவற்றைத் தலைகீழாகக் கொடுக்க வேண்டும்: முதலில் நெட்டாங்கு, பிறகு அகலாங்கு. இந்த ஒரு இடத்தில்தான் பத்துப் பேரில் எட்டுப் பேர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். மாற்றாமல் போட்டால் உங்கள் வெள்ளவத்தைப் பாடசாலை வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள கடலில் போய் விழும். கருவி பிழை என்று சொல்லாது, சும்மா இருந்துவிடும். எனக்கு இது தெரிய மூன்று நாள் ஆனது.

எக்செல்லில் மூன்று நிரல்கள் போதும். ஒரு வரி இப்படி இருக்கும்:

79.85870,6.87420,பாடசாலை@50

மூன்றாவது நிரலில் பெயர், பிறகு @ குறி, அதன் பின் வேக எல்லை. அந்தக் குறிக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் கார்மின் வேக எல்லையாக எடுத்துக்கொள்ளும். இங்கே வாசிக்க வசதியாகப் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பழைய கருவிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் நீங்கள் ஆங்கில எழுத்தில் போடுங்கள். எண்ணில் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வையுங்கள். ஐந்து இலக்கம் என்றால் ஏறத்தாழ ஒரு மீற்றர் துல்லியம், மூன்று இலக்கம் என்றால் நூறு மீற்றருக்கு மேல் தவறலாம். வெள்ளவத்தையில் நூறு மீற்றர் என்பது அடுத்த ஒழுங்கை.

கோப்பை சிஎஸ்வி (CSV, நிரல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய எழுத்துக் கோப்பு) வடிவில் சேமித்து, அதற்கென்று ஒரு தனிப் போல்டரில் வையுங்கள்.

கருவிக்குள் ஏற்றுவது

கார்மினின் பிஓஐ லோடர் (POI Loader) என்ற சிறிய இலவச மென்பொருள் இதைச் செய்யும். கருவியைக் கேபிளால் கணினியில் இணைத்து, லோடரைத் திறந்து, உங்கள் போல்டரைக் காட்டுங்கள். அலகு கேட்கும் இடத்தில் நிதானமாகப் பாருங்கள்: 'மீற்றர், கிலோமீற்றர்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். மைலில் விட்டுவிட்டால் நீங்கள் எழுதிய 50, 50 மைலாகிவிடும். அது மணிக்கு 80 கிலோமீற்றர். பாடசாலை வாசலில் நீங்கள் 75இல் போனாலும் கருவி வாய் திறக்காது. முதலில் கருவியின் அமைப்பில் மாற்றிய அலகும் இதுவும் வெவ்வேறு, இரண்டையும் மாற்ற வேண்டும்.

லோடர் 'எக்ஸ்பிரஸ்', 'மனுவல்' என்று இரண்டு தெரிவுகளைக் காட்டும். மனுவலைத் தெரிவு செய்தால் எச்சரிக்கைத் தூரத்தை நீங்களே வைக்கலாம். 50இல் போகும் கார் ஒரு வினாடியில் 14 மீற்றர் ஓடும். 70இல் 19, 100இல் 28. நகருக்குள் 200 மீற்றர் முன்னால் சத்தம் வந்தால் 14 வினாடி கிடைக்கும், பிரேக்கை மெதுவாக அழுத்த அது தாராளம். புத்தளம் வீதிக்கு 400, அதிவேகப் பாதை வாயிலுக்கு 1000 மீற்றர் என்று நான் வைத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் கத்தும் எச்சரிக்கை ஆபத்தானது. திடுக்கிட்டுப் பிரேக் அடித்தால் பின்னால் வரும் ஓட்டோ உங்கள் டிக்கிக்குள் இருக்கும். தூரம் வேறுபடுவதால் நகரம், ஊர் வீதி, அதிவேகப் பாதை என்று மூன்று கோப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தூரத்தை அளவுக்கு மேல் கூட்டவும் வேண்டாம். இந்தத் தூரம் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டமாகத்தான் வேலை செய்கிறது. மரைன் டிரைவில் வைத்த புள்ளிக்கு 500 மீற்றர் கொடுத்தால், ஒரு குறுக்குத் தெரு தள்ளியிருக்கும் காலி வீதியில் போகும்போதும் கத்தும்.

இன்னொன்று. லோடர் ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். புதுப் புள்ளி சேர்க்க நினைத்துப் புதுக் கோப்பை மட்டும் ஏற்றினால் பழையவை எல்லாம் போய்விடும். மூன்று கோப்பும் எப்போதும் ஒரே போல்டரில் இருக்கட்டும்.

ஏற்றி முடிந்ததும் கருவியின் அமைப்புகளில் அருகாமை எச்சரிக்கை ஒன் ஆகியிருக்கிறதா, சத்தம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டொம்டொம் (TomTom) கருவி வைத்திருப்பவர்களுக்கு இதே வேலை ஓவி2 (OV2) என்ற கோப்பு வடிவில். சிஎஸ்வியை அந்த வடிவுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு.

சீனத்து மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் ஐகோ என்ற மென்பொருள் இருக்கும். அதில் ஸ்பீட்கேம் என்ற பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நெட்டாங்கு, அகலாங்கு, கமரா வகை, வேகம், திசை வகை, திசை என்று ஒரு வரிக்கு ஆறு எண். நிரந்தரக் கமராவுக்கு வகை 1. திசை வகை 0 என்றால் எல்லாப் பக்கமும், 1 என்றால் ஒரு திசை மட்டும், 2 என்றால் இரு திசையும். திசையை வடக்கிலிருந்து பாகைக் கணக்கில் எழுதுவார்கள்: கிழக்கு 90, தெற்கு 180. ஊருக்குள் நுழையும்போது மட்டும் எச்சரித்து, வெளியேறும்போது சும்மா இருக்கும்படி செய்ய இது மிக நல்லது. இந்த ஒரு விடயத்தில் மலிவுக் கருவி விலையுயர்ந்ததை வென்றுவிடுகிறது.

போனில் வேண்டுமென்றால்

வேஸ் செயலியில் வேகமானி அமைப்புக்குள் போய், வேக எல்லையைத் தாண்டியதும் ஒலிக்கும்படி வைக்கலாம். மற்றச் சாரதிகள் தரும் தகவலில் ஓடும் செயலி என்பதால், வாகனம் குறைந்த வீதிகளில் அது மௌனமாக இருக்கும். டேட்டா இல்லாமல் ஓட வேண்டுமென்றால் ஓஸ்மண்ட் (OsmAnd) செயலி நல்லது. இலங்கை வரைபடம் முழுவதையும் ஒருமுறை இறக்கினால் போதும். வேக எல்லை ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் பதியப்பட்ட வீதிகளுக்கு மட்டும்தான் எச்சரிக்கும். உங்கள் வீதியின் எல்லை அதில் இல்லையென்றால் நீங்களே கணக்குத் திறந்து சேர்க்கலாம். வீதியோரப் பலகையைக் கண்ணால் பார்த்த பிறகு சேர்த்தால் போதும், ஊகித்து எழுத வேண்டாம். அடுத்து அந்த வீதியில் வரும் எல்லோருக்கும் அது உதவும்.

எதுவானாலும் புள்ளி குறிப்பதும் அமைப்பை மாற்றுவதும் காரை நிறுத்திவிட்டுத்தான். ஓடும்போது குறிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள். ஓட்டியபடி கையில் போன் வைத்திருப்பது இங்கே குற்றம்.

ஜேர்மனியில், சுவிட்சர்லாந்தில் இருக்கும் உறவினர்கள் இதே கருவியைத் திருப்பிக் கொண்டு போவதென்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அந்த நாடுகளில் ஓட்டும்போது கமரா எச்சரிக்கையைப் பாவிக்கத் தடை. பிரான்சில் 2012 முதல் கமரா நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டக் கூடாது, 'ஆபத்து வலயம்' என்று பொதுவாக மட்டும் காட்டலாம்.

பொருத்துவதும் சோதிப்பதும்

கருவியை முன் கண்ணாடியின் கீழ்ப் பக்கம், வீதியை மறைக்காதபடி ஒட்டுங்கள். உலோகம் கலந்த கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி என்றால் சமிக்ஞை பலவீனமாகும். பழைய கார்மின்களுக்குச் சாதாரண யுஎஸ்பி கேபிளில் மின்சாரம் கொடுத்தால், கணினியோடு இணைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வரைபடத்தைக் காட்டாமல் நின்றுவிடும். காருக்கென்று வந்த கேபிளையே பாவியுங்கள். வெயிலில் நிறுத்தும்போது கழற்றி உள்ளே வையுங்கள். நம் வெப்பத்தில் பற்றரி ஊதிவிடும்.

காரின் வேகமானி கருவியைவிட இரண்டு மூன்று கிலோமீற்றர் கூடக் காட்டினால் பயப்பட வேண்டாம். உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் வேகமானியைச் சற்றுக் கூட்டித்தான் வைக்கிறார்கள். நிதானமான வேகத்தில் ஜிபிஎஸ் எண் துல்லியமானது. பிரேக் அடிக்கும்போது மட்டும் அது ஒரு வினாடி பிந்தும்.

சோதனைக்கு ஞாயிறு அதிகாலை நல்லது. எல்லையைத் தாண்டி ஓடிப் பார்க்கத் தேவையில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிக்குத் தற்காலிகமாக @20 என்று போட்டு, 30இல் அதைக் கடந்து பாருங்கள். எத்தனை மீற்றர் முன்னால் சத்தம் வருகிறது, பாட்டுக்கு மேலால் கேட்கிறதா, பின் இருக்கையில் பிள்ளைகள் கதைக்கும்போது கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் அந்த வரியை 50க்கு மாற்றி, மூன்று கோப்பையும் திரும்ப ஏற்றிவிட்டு, மரைன் டிரைவில் ஒருமுறை முழுதாகப் போய் வாருங்கள்.